மூடி வைத்த கேபினுக்குள் மழை பெய்வது ஏன்?

கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவர், 32 அடி கண்ணாடியிழைப் பாய்மரப் படகில் குடியேறியிருக்கிறீர்கள். படகில் இது உங்களுக்கு முதல் குளிர்காலம். குளிருக்குப் பயந்து இரவில் எல்லாத் திறப்புகளையும் இறுக்கி மூடிவிட்டுப் படுக்கிறீர்கள். விடிந்து பார்த்தால் கூரைச் சன்னலின் சட்டத்திலிருந்து சொட்டுகிறது, மெத்தையின் அடிப்பக்கம் கறுப்பாகப் பூசணம் பூத்திருக்கிறது, அலமாரித் துணிகளில் முடைநாற்றம். ஈரம் உறிஞ்சும் படிகப் பெட்டிகள் ஆறு வைத்தும் பயனில்லை. ஈரநீக்கி வாங்குவதா, சுவருக்கு ஃபோம் ஒட்டுவதா, இரண்டில் எதற்குச் செலவு செய்யலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது அதற்கும் முந்தைய ஒரு கேள்வி தெரிகிறது: இவ்வளவு மூடியும் தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது? அதற்குப் பதில் எளிது. உங்கள் இருவரிடமிருந்தும் உங்கள் அடுப்பிலிருந்தும் வருகிறது. மூடி வைத்திருப்பதால் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் படகுகளுக்கு உட்புற மரவேலை செய்பவன். பதினோரு குளிர்காலங்களைப் படகிலேயே கழித்திருக்கிறேன். முதல் நான்கு எஃகுப் படகில், மற்றவை கண்ணாடியிழைப் படகில். அலுமினியப் படகில் வாழ்ந்ததில்லை. உறைந்துபோகும் துறைமுகங்களிலும் தங்கியதில்லை. கீழே சொல்வதை அந்த அளவுக்குள் வைத்துப் படியுங்கள்.

கணக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்த விஷயத்தில் கணக்கு ஏமாற்றுவதில்லை. 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைச் சுமக்கும். 10 டிகிரியில் அதனால் 9 கிராம் சொச்சத்துக்கு மேல் சுமக்க முடியாது. 5 டிகிரியில் 7 கிராமுக்கும் குறைவு. உங்கள் அளவுள்ள படகின் உட்புறத்தை ஏறத்தாழ 25 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தூங்கும் மனிதர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளிவிடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் அரை லிட்டருக்கு மேல். கேபினில் 50 சதவீத ஈரப்பதத்தோடு, அதாவது காற்று சுமக்கக்கூடிய ஆவியில் பாதியோடு, படுக்கப் போனால், அந்தக் காற்றில் இன்னும் 200 கிராம் சொச்சத்துக்குத்தான் இடம் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் அது நிரம்பிவிடும். உண்மையில் அவ்வளவு நேரம்கூட ஆகாது. காற்று முழுதாக நிரம்பும்வரை சுவர் காத்திருப்பதில்லை.

காரணம், நீர் கோப்பதைத் தீர்மானிப்பது காற்றின் வெப்பம் அன்று, சுவரின் வெப்பம். ஒரு பரப்பு எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் காற்றிலுள்ள ஆவி அதன்மேல் நீராகப் படியத் தொடங்குமோ அதைப் பனிநிலை என்கிறோம். கேபினில் 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் பனிநிலை 12 டிகிரி. வெளியே 5 டிகிரிக் குளிர் இருக்கும்போது, எட்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள வெற்றுக் கண்ணாடியிழைச் சுவரின் உட்பரப்பு 10 டிகிரி அளவில்தான் நிற்கும். அதாவது கேபினின் ஈரப்பதம் 53 சதவீதத்தைத் தாண்டியதுமே சுவர் வியர்க்கத் தொடங்கும். வீட்டில் 53 சதவீதம் என்றால் நாம் நிம்மதியாக இருப்போம். படகில் அதுவே சொட்டுவதற்குப் போதும்.

இன்னும் ஒன்று. தெளிந்த வானமுள்ள இரவில் மேல்தளம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். மேகமூட்டமான இரவைவிட நட்சத்திரம் தெரியும் இரவில் அதிகம் சொட்டுவதற்கு இதுதான் காரணம். மேல்தளத்தின்மீது ஒரு துணிப் பந்தலைக் கட்டி வைத்தால் இந்த இழப்பு பெருமளவு குறைகிறது. மழை நீரும் சன்னல்மேல் நிற்காது. குளிர்காலத்துக்கு நான் முதலில் எடுத்து மாட்டுவது அதைத்தான். நீர்மட்டத்துக்குக் கீழே கதை வேறு: அங்கே சுவர் ஏறத்தாழ கடல்நீரின் வெப்பநிலையிலேயே இருக்கும், இரவும் பகலும் ஒரே மாதிரி.

இதற்கிடையே ஓர் எச்சரிக்கை. சொட்டுவதெல்லாம் ஆவி படிந்த நீர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கசிவு என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். என் முதல் குளிர்காலத்தில் நெற்றியில் சொட்டு விழுந்து விழித்தேன். கூரைச் சன்னல் கசிகிறது என்று நம்பி, அதைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தேன். பத்து நாளில் மறுபடி சொட்டியது. மறுபடி கழற்றினேன். மூன்றாம் முறை, மழையே பெய்யாத ஓர் இரவில், டார்ச் விளக்கை அண்ணாந்து பிடித்துப் பார்த்தேன். அலுமினியச் சட்டத்தில் பன்னிரண்டு திருகுகள். ஒவ்வொன்றின் தலையிலும் முத்துப்போல ஒரு துளி, ஒரே அளவில். திருகுகளுக்கு இடையிலிருந்த மரச் சட்டம் காய்ந்தே கிடந்தது. கசிவு இப்படி ஒழுங்காகப் பங்கு பிரித்துக் கொடுக்காது. வெளியிலிருந்து உள்ளே நீண்ட உலோகம் குளிரை அப்படியே கடத்திக் கொண்டுவந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு வாரம் வீணாயிற்று.

நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை, ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும். உப்புக் கரித்தால் பெரும்பாலும் கடல்நீர்தான். கரிக்காவிட்டால் அது மழைநீராகவும் இருக்கலாம், உங்கள் குடிநீர்த் தொட்டியின் கசிவாகவும் இருக்கலாம், மூச்சின் நீராகவும் இருக்கலாம். சந்தேகமான இடத்தில் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து, தாளின் கேபின் பக்கம் ஈரமாக இருந்தால் ஆவி படிகிறது. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரமிருந்தால் சுவருக்குள்ளிருந்து நீர் வருகிறது, கசிவைத் தேட வேண்டும்.

இப்போது காற்றோட்டம். எல்லோரும் தயங்குகிற இடம் இது. வெளியே பனிமூட்டம், கையை நீட்டினாலே நசநசவென்று இருக்கிறது, அந்தக் காற்றை உள்ளே விட்டால் ஈரம் அதிகமாகாதா என்று கேட்பார்கள். ஆகாது. 5 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்றைக் கேபினுக்குள் இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் சுமார் 34 சதவீதம் ஆகிவிடும். கைக்கு ஈரமாகத் தெரிந்த அதே காற்று உள்ளே வந்ததும் உலர்ந்த துணியைப்போல ஈரத்தை ஒற்றி எடுக்கும். நீங்கள் இருவரும் வெளிவிடும் 80 கிராமையும் வெளியேற்றி, கேபினை 50 சதவீதத்தில் நிறுத்த மணிக்குச் சுமார் 28 கன மீட்டர் காற்று மாறினால் போதும். கேபினின் மொத்தக் காற்றும் மணிக்கு ஒரு முறை மாறுகிற அளவுதான் அது. அந்தக் காற்றைச் சூடாக்க ஆகும் வெப்பம் 150 வாட்டுக்குள் அடங்கும். பழைய குண்டு பல்பு இரண்டு எரிகிற அளவு. இதை மிச்சம் பிடிக்கத்தான் எல்லாவற்றையும் மூடி வைத்து மெத்தையை அழுக விடுகிறோம்.

28 கன மீட்டர் என்பது பெரிய காரியமில்லை. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் வழியே வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில், அதாவது நடையைவிட மெதுவாக, காற்று வந்தாலே அந்த அளவு கிடைத்துவிடும். ஆனால் வழி இரண்டு வேண்டும். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, இரண்டும் படகின் எதிரெதிர் முனைகளில். ஒரே ஒரு திறப்பை வைத்துக்கொண்டு காற்றோட்டம் இருக்கிறது என்று நினைப்பது, ஓட்டை ஒன்றே உள்ள டப்பாவிலிருந்து எண்ணெய் ஊற்ற முயல்வதைப்போல. மழையிலும் அலையிலும் திறந்தே இருக்க வேண்டுமென்றால் டொராட் பெட்டியை மிஞ்சிய அமைப்பு இல்லை. ஒலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1930இல் நீரில் இறங்கிய டொராட் என்ற பந்தயப் படகால் வந்த பெயர் அது. காற்றுக் கூம்பு ஒரு பெட்டிக்கு மேல் நிற்கும். கேபினுக்குள் இறங்கும் குழாய் அதற்கு நேர்கீழே இல்லாமல் தள்ளி, பெட்டியின் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். உள்ளே தெறித்த நீர் பெட்டித் தரையில் விழுந்து ஓரத் துளைகளால் வெளியே ஓடிவிடும். காற்று மட்டும் திரும்பி வளைந்து கீழே இறங்கும்.

நங்கூரத்தில் நிற்கும் படகு முகத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்கும். எனவே காற்று முன்பக்கத்தில் புகுந்து பின்னால் போகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். பல படகுகளில் நடப்பது நேர்மாறு. படிவாசலுக்கு மேல் மழைமறைப்புக் கூண்டு இருக்கும்போது காற்று பின்னாலிருந்து படிவாசல் வழியே உள்ளே வந்து, முன்பக்க மேல்மூடி வழியே வெளியேறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாப் படகிலும் இப்படியே என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு முழ நூலை ஒவ்வொரு திறப்பிலும் தொங்கவிட்டுப் பாருங்கள், அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் உங்கள் படகின் உண்மை. அதைப் பார்த்த பிறகு கூம்புகளின் முகத்தைத் திருப்புங்கள். காற்றே இல்லாத இரவுகளுக்கு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு விசிறி ஒன்றை வெளியேற்றும் பக்கத்தில் வைத்தால் போதும். சூரியத் தகட்டில் மட்டும் ஓடும் விசிறிகள் பகலில்தான் சுழலும். நமக்கோ தேவை இரவில். உள்ளே ஒரு மின்கலம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

காற்றோட்டம் மட்டும் இருந்து வெப்பம் இல்லாவிட்டால் குளிரில் விறைப்பீர்கள், சுவரும் காயாது. இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும். எந்த வெப்பம் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: புகைபோக்கி வழியே எரிபுகையை வெளியே அனுப்பும் அடுப்பு மட்டுமே. புகைபோக்கி இல்லாத வாயு அடுப்பு, ஒரு கிலோ புரொப்பேனை எரித்தால் 1.6 கிலோ தண்ணீரைக் கேபினுக்குள் கொட்டுகிறது. எரிதலின் வேதியியல் அது, எந்தக் கம்பெனி செய்த அடுப்பானாலும் மாறாது. 2 கிலோவாட் அடுப்பை ஒரு மணி நேரம் எரித்தால் கால் லிட்டர் தண்ணீர். நீங்கள் இருவரும் மூன்று மணி நேரம் தூங்கி விடும் ஆவியை அது ஒரே மணி நேரத்தில் விடுகிறது. அதைவிட முக்கியமானது கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். புகைபோக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படுக்கையருகே அபாயமணி இருந்தே ஆக வேண்டும். காற்றோட்டத்துக்கான நிரந்தரத் துளைகளைக் குளிருக்காகத் துணி வைத்து அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

எரிவதற்கான காற்றைக் கேபினிலிருந்தே எடுத்துப் புகைபோக்கி வழியே அனுப்பும் டீசல் அல்லது விறகு அடுப்பு, இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்கிறது. சூடும் தருகிறது, ஈரக் காற்றையும் உறிஞ்சி வெளியேற்றுகிறது. அது உறிஞ்சும் அளவுக்குப் புதுக் காற்று வர வழி இருக்க வேண்டும். ஊதுவிசிறி வைத்த டீசல் சூடாக்கிகளில், கேபின் காற்றையே சுற்றவிடுவதற்குப் பதிலாக ஒரு பகுதியையாவது வெளியிலிருந்து எடுக்கும்படி குழாய் பூட்டுவது நல்லது. மாலையில் இரண்டு மணி நேரம் கொளுத்திவிட்டு இரவெல்லாம் அணைத்து வைப்பதைவிட, மெல்லிய சூடு தொடர்ந்து இருப்பது பல மடங்கு பயன் தரும். காற்று சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் குளிரும். சுவரும் மரமும் மெத்தையும் சூடேற மணிக்கணக்கு ஆகும். அவை பனிநிலைக்கு மேலே நிற்க வேண்டும் என்பதுதான் நம் நோக்கம்.

சமையலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரத்தை மூடிச் சமையுங்கள், பிரஷர் குக்கர் சிறப்பு. அடுப்புக்கு மேலுள்ள திறப்பைச் சமைக்கும்போதும் அதற்குப் பின் கால் மணி நேரமும் திறந்து வையுங்கள். ஈரத் துணியைக் கேபினுக்குள் காயப்போடாதீர்கள்.

மெத்தைக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் கவலை தந்தது அதுதான். அடுத்த முறை எழுந்தவுடன் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். அடியிலுள்ள பிளைவுட்டில் நீங்கள் படுத்திருந்த வடிவமே ஈரமாக வரைந்திருக்கும்: தோள், இடுப்பு, முழங்கால். உடம்பின் ஆவி ஃபோமுக்குள் ஊடுருவிக் கீழே இறங்கி, குளிர்ந்த பலகையைத் தொட்டதும் நீராகிறது. மெத்தை உங்கள் உடல் சூட்டைப் பலகைக்குப் போகவிடாமல் தடுப்பதால் பலகை குளிர்ந்தே இருக்கிறது. நீங்கள் நன்றாகப் போர்த்திக்கொண்டு படுத்தால் இன்னும் மோசம். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று நடமாட இடம் வேண்டும். மரச் சட்டங்களை இடைவெளி விட்டு அடிக்கலாம், அல்லது இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள விறைப்பான வலைப்பாய் விரிக்கலாம். பலகையிலேயே 50 மில்லிமீட்டர் துளைகள் வரிசையாகப் போட்டால் கீழுள்ள பெட்டியறைக்கும் காற்று போகும். துளைகளைப் பலகையின் ஓரத்துக்கு மிக அருகில் போடாதீர்கள், பலகை சட்டத்தின்மேல் உட்காரும் இடத்தில் பலம் குறைந்துவிடும். இதெல்லாம் செய்தாலும் காலையில் மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வைக்கும் வழக்கத்தை விடக் கூடாது. நான் இன்றைக்கும் தினமும் செய்கிறேன்.

இதே தர்க்கம் அலமாரிக்கும் இருக்கையின் முதுகுத் திண்டுக்கும் பொருந்தும். கேபினின் சூடு போகாத, ஆனால் ஈரம் போகும் இடங்கள் அவை. மூடிய கதவு ஆவியைத் தடுப்பதில்லை, வெப்பத்தைத்தான் தடுக்கிறது. கதவுகளில் மேலும் கீழும் துளைகள் இருக்கட்டும். துணிகள் படகின் சுவரைத் தொடாதபடி ஒரு சட்டம் அடித்துவிடுங்கள். உப்பு ஏறிய துணியை நல்ல தண்ணீரில் அலசாமல் உள்ளே வைக்காதீர்கள். சாதாரண உப்பே 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிடும். கடல்நீரில் நனைந்து காய்ந்த மழைச்சட்டை என்றைக்குமே முழுதாகக் காயாது. படகின் அடிப்பள்ளத்தில் தேங்கிய நீரும் அப்படித்தான், ஒரு பழந்துணியால் ஒற்றி எடுத்து உலர வையுங்கள்.

அடுத்து ஃபோம். சுவருக்கு உள்பக்கம் ஒட்டும் ஃபோம் உண்மையிலேயே வேலை செய்யும், இதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்னே சொன்ன அதே சுவரில் 10 மில்லிமீட்டர் மூடிய கண் ஃபோம் (உள்ளே உள்ள நுண்குமிழ்கள் ஒன்றோடொன்று சேராததால் ஈரம் ஊறாத வகை) ஒட்டினால் உட்பரப்பு 10 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 16 டிகிரிக்கு ஏறுகிறது. 53 சதவீதத்தில் வியர்த்த சுவர் இப்போது 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் வியர்க்கும். இன்னொரு 10 மில்லிமீட்டர் சேர்த்தால் கூடுவது ஒன்றரை டிகிரி மட்டுமே. எனவே, நீர் கோப்பதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், ஒரே இடத்தில் தடிமனாக ஒட்டுவதைவிட மெல்லியதாக, ஆனால் ஓரிடமும் விடாமல் ஒட்டுவது மேல். எரிபொருளை மிச்சப்படுத்துவது நோக்கம் என்றால் தடிமன் கூட்டுங்கள்.

ஒட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபோமுக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டால் ஈரக் காற்று பின்னால் புகுந்து, முன்னைவிடக் குளிர்ந்துபோன சுவரில் படியும். கண்ணுக்குத் தெரியாமல் அங்கே குளமாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படகில் பழைய உட்தகட்டைக் கழற்றியபோது, பின்னாலிருந்த கண்ணாடிப் பஞ்சு பிழியப் பிழியத் தண்ணீர் விட்டது. கைப்பிடி அளவே எடுத்துப் பிழிந்தேன், முழங்கை வரை வழிந்தது. பஞ்சையோ திறந்த கண் ஃபோமையோ படகில் வைக்காதீர்கள். மூடிய கண் ரப்பர் ஃபோமோ பாலிஎத்திலீன் ஃபோமோ எடுத்து, முழுப் பரப்பிலும் பசை தடவி, மூட்டுகளைத் தீப்பிடிக்காத நாடாவால் மூடி ஒட்டுங்கள். தீப்பற்றும்போது நச்சுப்புகை விடாத வகையா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். அடுப்பின் புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் கூடாது. கடல்நீர் வால்வுகளையும், பாய்மரக் கம்பிகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் மூடி மறைக்காதீர்கள். அடிப்பள்ளத்துக்கு நீர் ஓடும் வழியையும் அடைக்காதீர்கள். மேல்தளம் நடுவில் பல்சா என்ற லேசான மரத்தையோ ஃபோமையோ வைத்துச் செய்யப்பட்டதென்றால் அங்கே ஏற்கெனவே ஓரளவு காப்பு இருக்கிறது. பக்கச் சுவர்களிலும் சன்னல்களிலும்தான் உங்கள் முயற்சி தேவைப்படும். சன்னலுக்கு உள்பக்கம் ஓர் அக்ரிலிக் தகட்டை ரப்பர் பட்டையோடு பொருத்தினால் மலிவான இரட்டைக் கண்ணாடி தயார். அந்தத் திருகுத் தலைகளுக்கு நான் கடைசியில் செய்தது, சிறு ஃபோம் துண்டுகளை வெட்டி ஒவ்வொன்றின்மேலும் ஒட்டியது. பார்க்க அழகாக இல்லை. சொட்டவில்லை.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. வியர்வை தடுக்கும் பெயின்ட் என்று விற்பதை இரண்டு படகுகளில் பூசிப் பார்த்தேன். கொஞ்சம் நீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொண்டு சொட்டுவதைத் தள்ளிப்போடுகிறது என்பது தெரிந்தது. ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பூச்சு, சென்டிமீட்டர் ஃபோமுக்கு இணையாகாது. வெள்ளி நிறக் குமிழித் தாளைச் சுவரோடு ஒட்டுவதையும் பலர் புகழ்கிறார்கள். அதன் பளபளப்பு வேலை செய்ய முன்னால் காற்று இடைவெளி வேண்டும். சுவருக்கும் மரத் தகட்டுக்கும் நடுவில் நசுக்கி வைத்தால் அது மெல்லிய குமிழித் தாள் மட்டுமே. சுவரில் கம்பளம் ஒட்டுவது தொட்டுப் பார்க்கக் கதகதப்பாக இருக்கும். சிலர் பல ஆண்டுகள் நன்றாகவே இருந்தது என்கிறார்கள். நான் கழற்றிய கம்பளங்களின் பின்புறத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நல்ல நிலையிலுள்ள கம்பளத்தைக் கழற்ற யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஈரநீக்கி வாங்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு: கரையிலிருந்து மின்சாரம் இருந்தால், வாங்கலாம். கம்ப்ரஸர் வகை 10 டிகிரிக்குக் கீழே தளர்ந்துவிடும், அதன் சுருளில் பனி கட்டிக்கொள்ளும். சூடில்லாத குளிர்ந்த படகுக்கு ஈரம் உறிஞ்சும் ஜியோலைட் என்ற கனிமத்தால் ஆன சக்கரம் சுழலும் வகை பொருந்தும். மின்சாரம் அதிகம் இழுக்கும், ஆனால் அந்த மின்சாரம் முழுவதும் சூடாகக் கேபினுக்குள்ளேயே வந்துவிடும். இரண்டு வகையிலும், ஆவி நீராக மாறும்போது லிட்டருக்கு 0.7 யூனிட் அளவுக்கு வெப்பம் கூடுதலாகத் திரும்பக் கிடைக்கிறது. அது ஓடும்போது திறந்து மூடும் மேல்மூடிகளை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கடலையே உலர்த்த முயல்வீர்கள். நிரந்தரத் துளைகள் மட்டும் அப்படியே இருக்கட்டும். நங்கூரத்தில் பேட்டரியை நம்பி இதை ஓட்ட முடியாது.

படிகப் பெட்டிகள் உங்களைக் கைவிட்டதில் வியப்பில்லை. அவற்றிலிருப்பது கால்சியம் குளோரைடு. ஒரு பெட்டி சில வாரங்களில் இழுக்கும் நீரை நீங்கள் இருவரும் ஒரே இரவில் மூச்சாக விட்டுவிடுகிறீர்கள். மூடிய சிறு அலமாரிக்கு, ஆளில்லாத படகுக்கு அவை பரவாயில்லை. படகு சாயும்போது கொட்டினால் அந்த உப்புக் கரைசல் உலோகத்தை அரிக்கும். இன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.

இவையெல்லாம் குளிர்ந்த இடத்துக்குச் சொன்னது. வெப்பமண்டலக் கடலில் 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் இருந்தால் அந்தக் காற்றின் பனிநிலையே 25 டிகிரி. எவ்வளவு திறந்து வைத்தாலும் காற்று உலராது. அங்கே கடல்நீரும் சூடாக இருப்பதால் சுவர் பொதுவாக வியர்க்காது. ஆனால் குளிரூட்டி ஓடும்போது குளிர்ந்த காற்றுக் குழாய்களின்மேல் நீர் சொட்டும். அங்கே காற்று நடமாட்டம் பூசணத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவே.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் வாரம் எதையும் வாங்காதீர்கள், இரண்டு ஈரப்பதமானிகளைத் தவிர. ஒன்றைக் கேபின் நடுவில் வையுங்கள், மற்றொன்றை நாற்றமடிக்கும் அலமாரியில். அவை உண்மை சொல்கின்றனவா என்று முதலில் சோதியுங்கள்: ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைச் சில துளி நீர் விட்டுக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து எட்டு மணி நேரம் விட்டால் 75 சதவீதம் காட்ட வேண்டும். ஐந்து கூட்டியோ குறைத்தோ காட்டினால் அதை நினைவில் வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைக் கடன் வாங்கி விடியற்காலையில் சுவர்களைச் சுட்டிப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும், அங்கே ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு அதன்மேல் சுட்டுங்கள். அந்த வாரம் முழுவதும் முன்னாலும் பின்னாலும் இரண்டு திறப்புகளை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து, மெல்லிய சூட்டோடு தூங்குங்கள். பெரும்பாலான படகுகளில் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்வதைக் கண்டிருக்கிறேன். பிறகு மெத்தைக்கு அடிப்பாய், அதன் பின் பந்தல். அதற்கும் மேல் ஈரமாக நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து வைத்து, கோடை வந்ததும் அங்கே மட்டும் ஃபோம் ஒட்டுங்கள். குளிர்காலத்தில் ஒட்டாதீர்கள். ஈரச் சுவரில் பசை பிடிக்காது.

பூசணம் பிடித்த மெத்தை உறையைத் துவைக்கலாம். உள்ளே ஃபோமின் நடுவரை கறுத்திருந்தால் அதைக் காப்பாற்ற முடியாது. மரத்தில் படிந்ததை வினிகரால் துடையுங்கள். எக்காரணம் கொண்டும் வினிகரையும் ப்ளீச்சையும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். அந்த இரண்டு மானிகளின் விடியற்காலை அளவுகளை ஒரு வாரத்துக்குக் குறித்து இங்கே எழுதுங்கள். உங்களிடம் என்ன சூடாக்கி இருக்கிறது, அதற்குப் புகைபோக்கி உண்டா என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. புகைபோக்கி இல்லாத அடுப்பென்றால் நான் மேலே எழுதிய மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இன்றிரவு அதை அணைத்துவிட்டுப் படுங்கள்.